கொதாட்சுவைச் சுற்றி ஆறு பேர்: கியோட்டோவில் நாலு வாரம்

நாள் 1: தெமாச்சியனாகி

கியோட்டோவின் தெமாச்சியனாகிப் பக்கத்தில் நாலு வாரத்துக்கு எடுத்த வாடகை வீட்டுக்குள் நுழைந்ததும் அளந்து பார்த்தது மேசையைத்தான். 105-க்கு 75 சென்டிமீட்டர். நீளப் பக்கங்களில் இரண்டிரண்டு பேர், குட்டைப் பக்கங்களில் ஒவ்வொருவர், ஆக ஆறு பேர். ஊர்க்காரர்களோடு வீட்டில் நடத்தப்போகும் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்கு எத்தனை பேரைக் கூப்பிடலாம் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டுக்காரர், அதாவது அழைக்கிற நாங்கள், இருவர்; வருகிறவர்கள் நால்வர். ஏழாவது ஆள் வந்தால் கூட்டம் இரண்டாகப் பிரியும். வீட்டுக்காரர் இல்லாத பக்கம் இரண்டே நிமிடத்தில் ஜப்பானிய மொழிக்குத் தாவிவிடும்.

மேசையின் பெயர் கொதாட்சு. குட்டைக் கால், அடியில் ஒரு சின்ன ஹீட்டர், மேலே தரைவரை தொங்கும் ரஜாய், அதன் மேல் பலகை. காலை உள்ளே விட்டுக்கொண்டு உட்காரவேண்டும். நவம்பரில் கியோட்டோவின் பழைய மரவீடுகள் வெளியைவிட உள்ளேதான் குளிரும். கால் சூடேறிய பிறகு எழுந்து போக யாருக்கும் மனசு வராது. ஏசி போட்ட சோபா அறையைவிட இது நூறு மடங்கு தேவலை.

அறை ஆறு பாய். இங்கே அறையின் அளவைச் சொல்வது தரையில் விரிக்கும் ததாமிப் பாயின் கணக்கில். கியோட்டோப் பாய் 191-க்கு 95.5 சென்டிமீட்டர், தோக்கியோ பக்கத்து 176-க்கு 88 பாயைவிடப் பெரியது. அதனால் இங்கே "ஆறு பாய்" என்றால் ஏறக்குறைய 11 சதுர மீட்டர் தேறும். வாடகை விளம்பரத்தில் பாய்க்கணக்கு மட்டும் இருந்தால் எந்தப் பாய் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிவு செய்வதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியது ஒன்று உண்டு: வெளியாட்கள் வந்து போகலாமா? தங்குபவர் தவிர வேறு யாரும் உள்ளே வரக் கூடாது என்ற விதி பல மாத வாடகை வீடுகளில் இருக்கும். "சனிக்கிழமை மதியம் இரண்டு முதல் மூன்றரை வரை, நாலு பேர், தேநீர் மட்டும், மது இல்லை" என்று இவ்வளவு திட்டமாகக் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். "நண்பர்கள் வரலாமா" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் முடியாது என்ற பதில்தான் வரும்.

விசா விஷயத்தில் விளையாடக் கூடாது. சுற்றுலா விசாவில் வந்து காசு வாங்கிக்கொண்டு பாடம் எடுக்க முடியாது. மாணவர் விசா, குடும்ப விசாக்காரர்களுக்கே தனி அனுமதி வேண்டும், அதிலும் வாரத்துக்கு 28 மணி நேரம்தான். நாங்கள் எழுதுவது வகுப்பைப் பற்றி அல்ல, கட்டணமில்லாத பேச்சுக் கூட்டத்தைப் பற்றி. தின்பண்டச் செலவை எப்படிப் பங்கிடுவது என்பது நாள் 15-ல் வரும்.

நாள் 2: ஐந்து வீடு

ஜப்பானில் ஒரு சொல்வழக்கு உண்டு: முகோ சான்கென் ர்யோதொனாரி. எதிரே மூன்று வீடு, இருபக்கமும் ஒவ்வொன்று. குடிவந்ததும் இந்த ஐந்து வீட்டுக்கும் போய்த் தலையைக் காட்ட வேண்டும். கையில் ஆளுக்கொரு சின்னப் பொட்டலம்: பிஸ்கட்டோ, முகம் துடைக்கும் துண்டோ, 500 யென்னிலிருந்து 1,000 யென்னுக்குள். பகட்டாக 3,000 யென்னுக்கு வாங்கிக்கொண்டு போனால் அவர்களுக்குத் தலைவலி. பாதி மதிப்புக்காவது திருப்பிச் செய்தாக வேண்டுமே என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். மொய் நோட்டுப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வாசலில் நின்று சொல்ல வேண்டிய செய்தி மூன்று: எத்தனை நாள் இருப்போம், எந்தக் கிழமை எத்தனை மணிக்கு ஆட்கள் வருவார்கள், குறை இருந்தால் யாரிடம் சொல்லலாம். சத்தத்தைப் பற்றித்தான் புகார் வரும் என்று நினைப்போம். உண்மையில் புகார் வருவது சைக்கிளால். கியோட்டோவில் பாதிப் பேர் சைக்கிளில்தான் வருவார்கள். ஒன்றரை மீட்டர் சந்தில் நாலு சைக்கிள் நின்றால் பக்கத்து வீட்டுப் பெரியவர் கைத்தள்ளுவண்டியோடு வெளியே வர முடியாது. பெருந்தெருவில் நிறுத்தினால் மாநகராட்சி எடுத்துக்கொண்டு போய்விடும். ஸ்டேஷன் பக்கத்துக் கட்டண நிறுத்தத்தில் விட்டுவிட்டு நடந்து வரச் சொல்லி, அழைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

குப்பையும் இன்றே படிக்க வேண்டிய பாடம். எரியும் குப்பைக்கு மாநகராட்சியின் மஞ்சள் பை, லிட்டருக்கு ஒரு யென் கணக்கு: 45 லிட்டர் பை பத்துக்கு 450 யென். 2006-ல் வந்த முறை இது. பாட்டில், டின் வகையறாவுக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஒளி ஊடுருவும் பை. காலை எட்டு மணிக்குள் வைத்து, காக்கை கிளறாமல் வலையை மூட வேண்டும். ஆறு பேர் தின்று குடித்த குப்பை தவறான கிழமையில் தெருவில் கிடந்தால், ஐந்து வீட்டுப் பொட்டலமும் வீண்.

நாள் 5: கெயாகே

ஆள் சேர்க்கும் இடம். தெமாச்சியனாகியிலிருந்து கெய்ஹான் ரயிலில் சான்ஜோ, அங்கிருந்து தோஸாய் சுரங்க ரயிலில் இரண்டாவது நிறுத்தம் கெயாகே. பிவா ஏரித் தண்ணீரை மலை குடைந்து நகரத்துக்குக் கொண்டுவந்த 1890-ம் வருஷக் கால்வாய் இங்கேதான் இறங்குகிறது. அடுத்த ஆண்டே அதில் மின்சாரம் எடுத்தார்கள். கால்வாயை ஒட்டி நடந்தால் சில நிமிடத்தில் கொகோகா என்ற சர்வதேசச் சமூக இல்லம், 1989 முதல் இருப்பது. திங்கள்கிழமை விடுமுறை. வெளிநாட்டவரும் உள்ளூர்க்காரரும் ஒருவரையொருவர் தேடிக்கொள்ள இங்கே அறிவிப்புப் பலகை உண்டு. மற்ற ஊர்களில் இருப்பவர்கள் அந்தந்த நகரத்தின் சர்வதேசப் பரிமாற்றச் சங்கத்தையும், கோமின்கான் எனப்படும் வட்டாரச் சமூகக் கூடங்களையும் விசாரியுங்கள்.

அறிவிப்பு ஏ5 அளவில் ஒரே பக்கம், ஜப்பானிய மொழியில் இருக்க வேண்டும். ஆங்கிலத்திலேயே எழுதினால் ஏற்கெனவே நன்றாகப் பேசுகிறவர்கள்தான் வருவார்கள். மொழிபெயர்ப்புச் செயலி கொடுத்ததை அப்படியே ஒட்டாமல் கவுன்டரில் ஒருமுறை காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

அதில் இருக்க வேண்டியவை: நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், எத்தனை பேர், ஒருவருக்கு ஆகும் தின்பண்டச் செலவு, முதல் சந்திப்பு பொது இடத்தில் என்ற தகவல், அழைப்பவர் எந்த நாடு, என்ன தாய்மொழி. கடைசி வரிதான் உயிர்நாடி: "ஷூக்யோ, கன்யூ நாஷி". மதப் பிரசாரம் இல்லை, எதிலும் ஆள் சேர்ப்பது இல்லை என்று பொருள். இலவச ஆங்கிலம் என்று கூப்பிட்டு வேதப் புத்தகத்தைக் கையில் கொடுத்தவர்களையும், சங்கிலி வியாபாரத்துக்கு இழுத்தவர்களையும் இவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். இந்த ஒரு வரி இல்லாவிட்டால் பலகையைப் படிப்பவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

தாய்மொழி தமிழ் என்று எழுதத் தயங்க வேண்டாம். அமெரிக்கர் வேண்டும், பிரிட்டிஷ்காரர் வேண்டும் என்று தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்தான். அவர்கள் வராமல் போவதே இரு பக்கத்துக்கும் நல்லது. ஆங்கிலத்தை நாமும் படித்துத்தான் பேசுகிறோம் என்று தெரிந்தால் வாய் திறக்கக் கூசுகிறவர்களுக்குப் பாதி பயம் போய்விடும்.

நாள் 12: முதல் சந்திப்பு

நேராக வீட்டுக்குக் கூப்பிடக் கூடாது. தெரியாத வெளிநாட்டவர் வீட்டுக்குத் தனியாகப் போக, முக்கியமாகப் பெண்கள், யோசிப்பார்கள். அது நியாயமும்கூட. ஒரு காப்பிக் கடையில் 45 நிமிடம், அவரவர் பில் அவரவருக்கு. ஊர் மொழியில் இதற்கு வாரிகான் என்று பெயர். நாம் கொடுத்துவிட்டால் பெருந்தன்மை என்று நமக்குத் தோன்றும், எதிரே இருப்பவருக்கு முதல் நாளே கடன்.

வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று தினுசு. பணி ஓய்வு பெற்றவர்கள்: வானொலி ஆங்கிலப் பாடத்தின் மாதப் புத்தகத்தை வருஷக்கணக்காக வாங்கி அடிக்கோடு போட்டவர்கள், வாரம் தவறாமல் வருவார்கள். பல்கலைக்கழக மாணவர்கள்: ஆர்வம் அதிகம், பரீட்சை வந்தால் காணாமல் போவார்கள். கம்பெனிக்காரர்கள்: 990-க்கு நடக்கும் டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண் இருக்கும், ஆனால் பேச வாய் வராது. நடுநிலை, உயர்நிலை என்று ஆறு வருஷம் எல்லோரும் ஆங்கிலம் படித்திருக்கிறார்கள். தொடக்கப் பள்ளியில் ஐந்தாம், ஆறாம் வகுப்புக்கு அது முறையான பாடமானது 2020-ல்தான். படித்தது பெரும்பாலும் கண்ணாலும் கையாலும். ஆகவே மேசையில் தாளும் பேனாவும் எப்போதும் இருக்கட்டும். சொல் தொண்டையில் நின்றால் எழுதிக் காட்டிவிடுவார்கள்.

நாலு பேரைத் தேர்ந்தெடுக்கும்போது ஆங்கிலத் தரத்தைவிட உறவைப் பாருங்கள். ஒரே அலுவலகத்து மேலாளரும் ஊழியரும் சேர்ந்து வந்தால் ஊழியர் பேச மாட்டார். பேராசிரியரும் அவருடைய மாணவரும் அதே கதைதான். ஒருவரையொருவர் தெரியாத நாலு பேர், அல்லது ஒரு தோழி ஜோடியும் வேறு இருவரும் என்பது நன்றாக ஓடும்.

நாள் 14: அடுப்படி

ஆறு பேருக்கு இஞ்சித் தேநீர்: தண்ணீர் 600 மில்லி, பால் 600 மில்லி, தூள் ஐந்து தேக்கரண்டி, தட்டிய இஞ்சி 15 கிராம், ஏலக்காய் நாலு. சர்க்கரை போடாமல் தனியாக வையுங்கள். நம் அளவுச் சர்க்கரையில் அவர்கள் ஒரு மடக்கோடு நிறுத்திவிட்டு "ஓய்ஷி", ருசியாக இருக்கிறது, என்று சொல்லி மிச்சத்தை வைத்துவிடுவார்கள். குருணைத் தேயிலைத் தூள் சாதாரண சூப்பர் மார்க்கெட்டில் கிடைப்பது அரிது. ஹலால் கடைகளில் கிடைக்கும், ஊரிலிருந்து கால் கிலோ எடுத்து வந்தால் நாலு வாரம் ஓட்டலாம்.

தின்பதற்கு முறுக்கு. அரிசி அப்பளம் மாதிரியான செம்பேயை மென்று வளர்ந்த வாய்க்கு முறுக்கு அந்நியமே இல்லை. கடையில் ஜோஷின்கோ என்று கேட்டால் அரிசிமாவு கொடுப்பார்கள், உளுந்து மாவு மட்டும் ஊரிலிருந்து வர வேண்டும். பால்கோவா, அல்வா எல்லாம் மேசைக்கு வந்தால் சுண்டுவிரல் நகத்தளவுதான் காலியாகும்.

எண்ணெய்ச் சட்டி எடுத்து வருபவர்கள் கவனிக்க: மின்காந்த அடுப்பில் அடி உருண்ட சட்டி சூடாகாது, அலுமினியமும் பெரும்பாலானவற்றில் ஆகாது. தட்டை அடியும் காந்தம் ஒட்டும் உலோகமும் வேண்டும். மின்சாரம் 100 வோல்ட், நம் ஊர் மிக்சி முனகும், அரைக்காது. ஒரு கிளைச் சுற்றுக்கு 20 ஆம்பியர்தான், அதாவது 2,000 வாட். கொதாட்சு 500, கெட்டில் 1,200, மைக்ரோவேவ் 1,000-க்கு மேல், மூன்றும் ஒரே சுற்றில் சேர்ந்தால் விருந்தாளி வரும் நேரம் பார்த்து வீடு இருண்டுபோகும். கெட்டிலை முதலில் கொதிக்கவிட்டு பிளாஸ்கில் ஊற்றிவிடுங்கள்.

ஒவ்வாமையை முன்கூட்டியே கேளுங்கள். இங்கே பாக்கெட் உணவில் கட்டாயம் குறிக்க வேண்டிய பட்டியலில் முட்டை, பால், கோதுமை, சோபா எனப்படும் பக்வீட், வேர்க்கடலை, இறால், நண்டு இருந்தன. 2023-ல் வால்நட்டும் சேர்ந்தது. நாம் எதிலும் தூவும் முந்திரியைத் தனியாகச் சொல்லிவிடுவது நல்லது. ஒரு சின்ன அட்டையில் பொருள்களை எழுதித் தட்டின் முன்னால் சாய்த்து வைத்தால் போதும். அதையே படிக்கச் சொன்னால் முதல் ஐந்து நிமிடப் பேச்சும் ஆயிற்று.

நாள் 15: இரண்டு முதல் மூன்றரை வரை

இன்று நீளமாக எழுதுகிறோம். வேலையே இதில்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னதாக வர மாட்டார்கள். சமையலறையில் இருப்பவரைத் திடுக்கிட வைக்கக் கூடாது என்பது மரியாதை. இரண்டு மணி அல்லது இரண்டு ஐந்து. ஒன்றே முக்காலுக்கு எல்லாம் தயாராக இருக்கட்டும். உள்ளே வரும்போது "ஒஜாமா ஷிமாஸ்", தொந்தரவு தருகிறேன் என்பார்கள். செருப்பைக் கழற்றி, நுனி வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைப்பார்கள். அவர்களுக்கு உள்-செருப்பு வேண்டும்: நூறு யென் கடையில் வரியோடு 110 யென், நாலு ஜோடி. அது மரத்தரைக்கு மட்டும், பாய் விரித்த அறை வாசலில் அதையும் கழற்ற வேண்டும். கழிவறைக்கு வேறு செருப்பு. அதைப் போட்டுக்கொண்டே மேசைக்குத் திரும்பி வருவது நம்மவர்கள் தவறாமல் செய்யும் காரியம்.

அடுத்த கண்டம் உட்காரும் இடம். வாசலுக்குத் தள்ளி இருப்பது பெரியவர் இடம், கதவருகே இளையவர் இடம். யார் பெரியவர் என்று தெரியாத நாலு பேர் நின்றுகொண்டே "நீங்கள் முதலில், இல்லை நீங்கள்" என்று ஐந்து நிமிடத்தைத் தின்றுவிடுவார்கள். மேசைமேல் பெயர் அட்டையை முன்பே வைத்துவிட்டால் இந்தச் சங்கடமே எழாது. வயதில் மூத்தவர் அட்டை உள்பக்கம். முட்டி போட்டு உட்காருகிறவர்களிடம் "ஆஷி ஒ குஸுஷிதே குதாசாய்" என்று ஒரு வார்த்தை: காலைத் தளர்த்தி உட்காருங்கள். அதைச் சொல்லும்வரை மரத்துப்போன காலோடு புன்னகைத்துக்கொண்டிருப்பார்கள்.

முதல் பத்து நிமிடம் தன் அறிமுகம். எல்லோரும் வீட்டில் மனப்பாடம் செய்து வந்திருப்பார்கள். இடையில் கேள்வி கேட்காதீர்கள், கேட்டால் மனப்பாடம் அறுந்து முதலிலிருந்து தொடங்குவார்கள். அந்த ஒரு நிமிட உரை முடிந்து தோள் இறங்குவதைப் பார்க்கலாம். அதற்கப்புறம்தான் ஆள் பேசத் தொடங்குகிறார்.

பிறகு ஜோடி ஜோடியாக நாலு-மூன்று-இரண்டு. ஒரு விஷயத்தை, "நான் இன்று இங்கே எப்படி வந்தேன்" மாதிரி எளியதை, ஒருவரிடம் நாலு நிமிடம் சொல்ல வேண்டும். ஜோடி மாற்றி அதையே மூன்று நிமிடத்தில். மறுபடி மாற்றி இரண்டு நிமிடத்தில். முதல் தடவை சொல்லைத் தேடிக் கண் மேலே போகும். இரண்டாம் தடவை சொற்கள் கைக்கெட்டும். மூன்றாம் தடவை நாக்கு தானாக ஓடும். புதிதாக எதையும் கற்றுக்கொடுக்காமலே ஒருவர் தன் காதால் தன் முன்னேற்றத்தைக் கேட்கிற ஒரே பயிற்சி இது. கெட்டுப்போவது எங்கே என்றால், கேட்பவர் நடுவில் ஆலோசனை சொல்லும்போது. கேட்பவர் தலையாட்ட மட்டும் செய்யலாம். பேச்சாளர்கள் முடித்ததும் மற்றவர்களுக்கு முறை, மொத்தம் இருபது நிமிடம் போகும்.

அடுத்த அரைமணி மேசை முழுக்க ஒரே பேச்சு. "உங்கள் பொழுதுபோக்கு என்ன", "சுற்றுச்சூழல் பற்றி உங்கள் கருத்து என்ன" ரகக் கேள்விகள் கூட்டத்தைக் கொன்றுவிடும். முதலாவதற்கு ஒரு சொல்லில் பதில், இரண்டாவதற்கு மௌனம். பொருளை நடுவில் வையுங்கள். செய்தித்தாளோடு வரும் சூப்பர் மார்க்கெட் விளம்பரத் தாள் ஒன்று போதும். இந்த முள்ளங்கியை வாங்குவீர்களா, எப்படிச் சமைப்பீர்கள், தோலை என்ன செய்வீர்கள். கருத்து சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்த விஷயம், விரல் வைத்துக் காட்டலாம்.

விலை பேசும்போது எண்கள் இடறும். ஜப்பானியர் எண்ணுவது பத்தாயிரக் கணக்கில்: ஒரு மான் பத்தாயிரம், ஜூ-மான் நம்முடைய ஒரு லட்சம், சென்-மான் ஒரு கோடி. "மில்லியன்" என்றதும் அவர்கள் விரல் விடுவார்கள், நாமும் மனசுக்குள் பத்து லட்சம் என்று மாற்றிக்கொண்டுதான் பேசுகிறோம். இரு பக்கமும் ஒரே கல்லில் தடுக்கி விழுவதைத் தாளில் எழுதிக் காட்டினால் சிரிப்பு வராமல் இருக்காது.

பிழை திருத்தம்: பேசும்போது கூடாது. கேட்ட பிழையைத் திருத்தமான வடிவில் நம் பதிலில் ஒருமுறை சொல்லிவிட்டுக் கடந்து போவது ஒரு வழி. முடியும்போது ஆளுக்கு இரண்டே பிழை எழுதிய துண்டுச் சீட்டு, மடித்துக் கையில். மூன்றாவது எழுதினால் அடுத்த வாரம் அவர் அளந்து பேசுவார்.

மூன்று ஐந்துக்கு மேசையைத் திருப்பிப் போடுங்கள். பதினைந்து நிமிடம் ஜப்பானியம், அவர்கள் ஆசிரியர், நாம் மாணவர். நன்றிக்கு "அரிகாதோ" என்று நாம் சொன்னால் கியோட்டோக்காரர் "ஓகினி" என்று திருத்துவார். நாம் தப்பும் தவறுமாய் உளறுவதைக் கேட்ட பிறகு அவர்கள் ஆங்கிலத்துக்கு வெட்கமெல்லாம் பறந்துவிடும். இந்தக் கால்மணி நேரத்தை நேரம் போதவில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. விட்டால் இது வகுப்பாகவே நின்றுவிடும், உறவாகாது. வாங்கிக்கொண்டே இருப்பது இந்த ஊர்க்காரர்களால் முடியாத காரியம்.

அதனால்தான் தின்பண்டச் செலவையும் வாங்கச் சொல்கிறோம். ஒரு தகர டப்பா, ஆளுக்கு 200 யென், பக்கத்தில் பால், இஞ்சி வாங்கிய ரசீது தெரியும்படி. மிச்சம் இருந்தால் அடுத்த வாரத் தேநீருக்கு. வீட்டுக்காரர் பைக்கு ஒரு யென் போகக் கூடாது. முழுக்க இலவசம் என்றால் பெருந்தன்மைதானே என்று தோன்றும். நடப்பது வேறு: முதல் வாரம் ஆளுக்கொரு 1,500 யென் பலகாரப் பெட்டியோடு வருவார்கள், இரண்டாம் வாரமும் வாங்கி வருவார்கள், மூன்றாம் வாரம் கட்டுப்படியாகாமல் வரமாட்டார்கள். 200 யென் போட்டவர் வெறுங்கையோடு நிம்மதியாக வருவார்.

மூன்று இருபதுக்கு "சொரோசொரோ" என்ற சொல்லை விடுங்கள். கிளம்பும் நேரம் நெருங்குகிறது என்பதற்கு அதைவிட மென்மையான சொல் இல்லை. மூன்றரைக்குக் கதவு. நன்றாகப் போகிறதே என்று நாலரை வரை நீட்டினால், அடுத்த முறை வருவதற்கு முன் அவர் இரண்டரை மணி நேரத்தை ஒதுக்க முடியுமா என்று யோசிப்பார்.

நாள் 16: ழகரம் கைகொடுக்கும் இடம்

நேற்றைய துண்டுச் சீட்டுகளில் பாதி ஒலிகளைப் பற்றியவை. ரைட்டும் லைட்டும் ஒன்றாகவே விழுகின்றன. ஜப்பானிய ரா-ரி-ரு வரிசை நம் ரகரம்தான்: நாக்கு நுனி மேலே ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கும். ஆங்கிலத்தின் இரண்டு ஒலிகளுக்கும் அவர்களிடம் இருப்பது இந்த ஒரு தட்டு.

ல, ள, ர, ற, ழ என்று ஐந்தை வைத்துக்கொண்டிருப்பவர்கள் இதை விளக்குவதில் முன்னே நிற்கிறோம். "லைட்" சொல்ல நாக்கு நுனியை மேற்பல்லுக்குப் பின்னால் ஒட்டி, இரண்டு விநாடி எடுக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்: ல்ல்ல்-ஐட். "ரைட்" சொல்ல நம் ழகரத்தைக் காட்டுங்கள். நாக்கைப் பின்னால் சுருட்டி எதையும் தொடாமல் நிறுத்துவது. அமெரிக்க ஆர் ஒலிக்கு நம் ரகரத்தைவிட ழகரமே கிட்டத்தில் இருக்கிறது. கைக்கண்ணாடி ஒன்று இருந்தால் நாக்கு தொடுகிறதா இல்லையா என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம், தாடை வலிக்கும்.

சொல் முடிவில் உயிர் ஒட்டுவது இருவருக்கும் உண்டு. அவர்கள் "பசு" என்பது பேருந்தை, நாம் "பஸ்ஸு" என்கிறோம். நம்மிடம் உள்ள குறை, வேகமாகப் பேசுவது. அதிலும் கேள்வியை முடிப்பதற்குள் அடுத்த கேள்வி. பாதி வேகத்தில் பேசினால் போதாது, சொற்களுக்கு நடுவே இடைவெளி விட வேண்டும்.

கடன்சொல் பொறிகளும் இருக்கின்றன. "மான்ஷன்" என்றால் மாளிகை இல்லை, சாதாரண அடுக்கு வீடு. "ஸ்மார்ட்" என்றால் ஒல்லி. "கன்னிங்" பரீட்சையில் காப்பி அடிப்பது. "வைக்கிங்" வேண்டியதை எடுத்துச் சாப்பிடும் பஃபே. "கிளேம்" புகார். "சர்வீஸ்" இலவசம். ஒருவர் "மான்ஷனில் இருக்கிறேன்" என்றதும் பணக்காரர் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

நாள் 19: மழை

லைன் என்ற செய்திச் செயலியில் நம் குழுவுக்குச் செய்தி ஒன்று: "இகேதாரா இகிமாஸ்". வர முடிந்தால் வருகிறேன். கியோட்டோ இருக்கும் கான்சாய் பக்கத்தில் இதற்கு வரமாட்டேன் என்று பொருள். "சோத்தோ...", கொஞ்சம், என்று இழுத்து நிறுத்தினாலும் அதேதான். ஏன் என்று கேட்கக் கூடாது, வேறு நாள் சரிவருமா என்றும் உடனே துருவக் கூடாது. காலியான இடத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில் ஒருவரை வைத்திருங்கள். நாலு இடத்துக்கு ஆறு பெயர் என்பது சரியான கணக்கு.

நாள் 22: மௌனமும் ஆமாமும்

கேள்விக்குப் பின் வரும் மௌனத்தை நம்மால் தாங்க முடியாது. மூன்றாவது விநாடியில் நாமே பதிலையும் சொல்லிவிடுவோம். எதிரே இருப்பவர் வாக்கியத்தை மனசுக்குள் கட்டிக்கொண்டிருக்கிறார். பத்து வரை எண்ணுங்கள், தேநீரை ஒரு மடக்கு குடியுங்கள். பதில் வரும்.

இடையிடையே "ஹாய், ஹாய்", "ஊன்" என்று தலையாட்டிக்கொண்டே இருப்பார்கள். "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. நம் "ம்... ம்..." கொட்டுதல்தான். இன்னொன்று: "நீங்கள் மீன் சாப்பிட மாட்டீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டால் "யெஸ்" என்பார்கள், அதாவது ஆமாம், சாப்பிட மாட்டேன். ஆங்கிலத்தில் அது தலைகீழ். தமிழில் "வரலையா?" "ஆமா, வரலை" என்பதே சரி என்பதால் இந்தப் பிழையின் வேர் நமக்குச் சட்டென்று பிடிபடும். வினை கடைசியில் வருவதும் வேற்றுமை பின்னால் ஒட்டுவதும் இரண்டு மொழிக்கும் பொது. ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ இதை வைத்துத் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்றே வாதிட்டார். மொழியியலாளர்கள் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஆனாலும் வயதானவர்கள் யாராவது அவர் பெயரைச் சொல்லிப் பேச்சைத் தொடங்க வாய்ப்புண்டு, தெரிந்து வைத்திருங்கள்.

கல்யாணம் ஆயிற்றா, எத்தனை குழந்தை, சம்பளம் எவ்வளவு: இந்த மூன்றையும் ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். வயதைக் கேட்கவும் சுற்றுவழி உண்டு, எந்த விலங்கு வருஷம் என்று. எலி, எருது, புலி எனப் பன்னிரண்டு. ரத்த வகை ஏ-வா ஓ-வா என்று அவர்களே கேட்பார்கள். குணத்தைக் கண்டுபிடிக்கிறார்கள், ராசி பார்ப்பது மாதிரி. மருத்துவக் கேள்வி என்று பயப்பட வேண்டாம்.

நாள் 25: தென்ஜின் சந்தை

மாதம் 25-ம் தேதி கிதானோ தென்மாங்கூ கோயிலில் பழம்பொருள் சந்தை. கொதாட்சுவை விட்டு வெளியே சேர்ந்து போக நல்ல சாக்கு. எதிரெதிரே உட்கார்ந்து பேச முடியாதவர்கள் பக்கத்தில் நடந்துகொண்டே பேசுவார்கள், கண்ணைப் பார்க்கத் தேவையில்லை, கடைகளே பேச்சைக் கொடுக்கும். நாலு பேரும் வர வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். ஒருவர் வந்தாலும் போதும்.

யாரோடு பழக்கம் ஊன்றியிருக்கிறது என்பது இந்தக் கட்டத்தில் தெரியும். ஆங்கிலத்துக்குச் சம்பந்தமே இல்லாத செய்தி வரும்: இரவுச் சாப்பாட்டின் படம், காமோ ஆற்றில் ஆமை வடிவப் படிக்கல்மேல் நிற்கும் கொக்கின் படம். அதற்குப் பதிலாக நீளமான ஆங்கிலக் கடிதம் எழுதாதீர்கள். நம் வீட்டுச் சட்டியின் படத்தை அனுப்புங்கள். பதில் எழுதுவதே வீட்டுப்பாடமாகிவிட்டால் படம் வருவது நின்றுவிடும்.

நாள் 29: கிளம்பும் நாள்

குழுவை யாரிடம் விட்டுப் போவது என்பதைக் கடைசிக் கூட்டத்தில் கேட்டால் எல்லோரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்கள். முந்தைய வாரமே தனித்தனியாகக் கேட்க வேண்டும். முழுப் பொறுப்பையும் யாரும் ஏற்க மாட்டார்கள். "டிசம்பர் முதல் சனிக்கிழமை கோமின்கானில் அறை பிடிக்க முடியுமா" என்று ஒரே ஒரு வேலையாகக் கேட்டால் ஒருவர் ஏற்பார். தகர டப்பாவையும் மிச்சப் பணத்தையும் கணக்கு எழுதிய தாளோடு அவரிடம் கொடுத்துவிடுங்கள். கெயாகேக்குப் போய்ப் பலகையில் இருக்கும் அறிவிப்பை எடுத்துவிடுங்கள். காலாவதியான தாளை நம்பி யாராவது எழுதி, பதில் கிடைக்காமல் போனால் அடுத்து வரும் வெளிநாட்டவருக்குத்தான் கெட்ட பெயர்.

பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய உட்காரும் மெத்தைகள் இரண்டும், முள்ளங்கி ஊறுகாய் வந்த டப்பாவும் திரும்பிப் போக வேண்டும். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று நம் வீடுகளில் கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பார்களே, அதே வழக்கம் கியோட்டோவிலும் உண்டு. ஒஉட்சுரி என்று பெயர். அந்தக் காலத்தில் ஒரு தீப்பெட்டியோ வெள்ளைத்தாள் மடிப்போ வைத்தால் போதும். டப்பாவைக் கழுவித் துடைத்து, ஆறு முறுக்கு. ஏழாவது வைத்தால் மூடி மூடவில்லை.